கூகி ஆங்கிலத்தை விட்டது சரிதானா?

தென்கடல்:
கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025 மே மாதம் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பாதிக்கு மேல் ஒரே பேச்சு: ஆங்கிலத்தை உதறிவிட்டுத் தாய்மொழிக்குத் திரும்பிய வீரர். எனக்கு உடன்பாடில்லை. அவருடைய ஆகச் சிறந்த நாவல் 1967-இல் வந்த ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’. அது ஆங்கிலத்தில் எழுதியது. கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. தன் தாய்மொழியான கிகுயுவில் எழுதினால், லுவோ மொழி பேசும் அடுத்த ஊர்க்காரருக்கே புரியாது. நைஜீரிய எழுத்தாளர் அச்செபே ஆங்கிலத்தை வளைத்துத்தானே தன் இக்போ மக்களின் வாழ்க்கையை உலகத்துக்குச் சொன்னார்?

செம்மண்:
ஐயா, 1977-ஐ மட்டும் பாருங்கள். ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ வந்த ஆண்டு. விடுதலைக்குப் பின் நாட்டைச் சுருட்டியவர்களைத் தோலுரிக்கும் ஆங்கில நாவல். வெளியீட்டு விழாவுக்கு வந்து வெளியிட்டவர், அப்போது நிதியமைச்சராக இருந்த முவாய் கிபாகி! ஒருவருக்கும் உறுத்தவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், லிமுரு பக்கம் கமிரீத்து கிராமத்தில் கிகுயு நாடகம் ஒன்று மேடையேறியது. கூகி வா மிரீ என்ற இன்னொருவரோடு சேர்ந்து நம் கூகி எழுதியது. ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பணக்காரனிடம் பறிகொடுக்கும் ஏழைக் குடும்பத்தின் கதை. நடித்தவர்கள் ஊர்க்காரர்கள், தேயிலைத் தோட்டத்திலும் செருப்புத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்கள். திறந்தவெளி அரங்கத்தையும் அவர்களே கட்டினார்கள். ஒத்திகையில் கிழவர்கள் எழுந்து, ‘இந்தப் பாட்டு இப்படி இல்லை’ என்று திருத்தினார்கள். நவம்பரில் தடை. டிசம்பர் கடைசியில் கூகி கைது. விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு கமிதி சிறை. 1982-இல் அந்த அரங்கத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

அரசு எந்த மொழிக்குப் பயந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

தென்கடல்:
நாடகம் சரி. எழுத்தறியாதவரும் உட்கார்ந்து பார்க்கலாம். என் கேள்வி நாவலைப் பற்றியது. கிகுயு நாவலை அந்தத் தோட்டத் தொழிலாளி எப்படிப் படிப்பார்?

பழம்புத்தகம்:
அவர் படிக்கவில்லை, கேட்டார். சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கூகி எழுதிய நாவல்தான் தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று வந்திருக்கிறது. கைதிகளை வதைக்கவே கொடுத்தது போன்ற முரட்டுக் காகிதம், அதனால் பேனா நன்றாக ஓடியது. ஒருமுறை சோதனையில் பறிபோய்த் திரும்பக் கிடைத்த கையெழுத்துப் பிரதி அது. 1980-இல் கிகுயுவில் அச்சாகி, முதல் 5,000 பிரதிகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன.

மதுக்கடையில் ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றிலும் கூட்டம். சுவையான இடம் வரும்போது நிறுத்திவிட்டுத் தன் கோப்பையைப் பார்ப்பார், காலியாக இருக்கும். கேட்பவர்கள் உடனே ஒன்று வாங்கிக் கொடுப்பார்கள், கதை மேலே ஓடும். இதைக் கூகியே எழுதியிருக்கிறார். வீடுகளிலும் மாலையில் படிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்க, குடும்பம் கேட்டிருக்கிறது. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தென்கடல்:
மதுக்கடைச் செய்தி எனக்குப் புதிது, மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் 1986-இல் ‘இனி எதையும் ஆங்கிலத்தில் எழுதமாட்டேன்’ என்று விடை சொன்னவர், 2010-இல் தன் சிறுவயது நினைவுகளை ஆங்கிலத்தில்தானே எழுதினார்? வேலையும் கலிபோர்னியாவில். சொன்ன சொல்லைக் காக்க வேண்டாமா?

செம்மண்:
இந்த இடம் எனக்கும் நெருடல்தான், மறைக்க மாட்டேன். ஆனால் நாவலில் அவர் பின்வாங்கவே இல்லை. ‘மத்திகாரி’யும் கிகுயு, அதற்குப் பிறகு வந்த பெரிய நாவலும் கிகுயு. அதை அவரே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். இருபது ஆண்டுக்கு மேல் நாடு கடந்து வாழ்ந்தவருக்குத் தெருவில் அந்த மொழி காதில் விழுந்திருக்காது. அப்படியும் எழுதினார்.

இன்னொன்று. அவர் படித்த பள்ளியில் கிகுயு பேசிய பிள்ளைக்குப் பிரம்படி, இல்லையென்றால் ‘நான் ஒரு கழுதை’ என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவரிடம் போய் ‘ஆங்கிலம் வெறும் கருவிதானே’ என்று எப்படிச் சொல்வது?

தென்கடல்:
தகட்டுச் செய்தி மனதை அறுக்கிறது. இருந்தாலும் என் லுவோக்காரர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

பழம்புத்தகம்:
‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ 1982-இலேயே சுவாஹிலிக்குப் போய்விட்டது. லுவோக்காரரும் கிகுயுக்காரரும் சந்தையில் பேசிக்கொள்ளும் மொழி.

தென்கடல்:
சுவாஹிலிப் பதிப்பு இருப்பது தெரியாமல் பேசிவிட்டேன், அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். அச்செபே விஷயத்தில் மட்டும் என் கருத்து அப்படியேதான். நாளை அதற்குத் தனியாக எழுதுகிறேன்.