துறைமுகக் கரையில் வலைவாடி: காசு அனுப்ப முன் வாசிக்கவும்

ஊர்ச் சங்கத்தின் கொழும்புக் கிளையிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். ஒஸ்லோ மச்சாள் ஊருக்குப் போய்வந்து எழுதின மடலையும், அதைப் பிடித்துக்கொண்டு வலைவாடி (மீனவர் வலை வைக்கிற கொட்டில்) கட்டவென்று கனடா ஸ்காபரோவில் தலைக்கு 200 டொலர் என்று தொடங்கின சேர்ப்பையும் பார்த்தோம். மடலில் சொன்னபடி காங்கேசன்துறைத் துறைமுகக் கரையில் சிவப்பு மை பூசின கட்டைகள் நிற்குதென்றால் யாரோ அளந்திருக்கினம். யார், எதற்கு என்று தெரியாமல் அதே இடத்தில் வலைவாடி கட்டக் காசு அனுப்புவது கடலில் பெருங்காயம் கரைக்கிற வேலை.

முதலில் இடம் ஆருடையது என்று பாருங்கோ. காங்கேசன்துறைத் துறைமுகம் இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் பொறுப்பு. பக்கத்து மயிலிட்டித் துறைமுகம், மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. போன முறை இரண்டையும் குழப்பித்தான் எங்கள் கடிதம் அலைந்தது. இதைவிட, கரையோரப் பாதுகாப்புச் சட்டம் (1981, இல. 57) உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் சீமெந்து அத்திவாரம் போட்டால் உடைக்கச் சொல்லக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அதிகாரம் இருக்கு.

துறைமுக வேலைக்கு 2018இல் இந்தியா தந்தது 4 கோடியே 52 இலட்சம் அமெரிக்க டொலர் கடன். 2024இல் அது 6 கோடியே 15 இலட்சம் டொலர் கொடையாக மாறியது. இவ்வளவு காசு புழங்குகிற வேலியோரம் எங்கள் 200 டொலர் எதற்கு? வாடிக்காரருக்கு முக்கியம் இரண்டு விஷயம்: தூர்வாரின மணலை எங்கே கொட்டுவினம், அலைதடுப்பைத் திருத்தினால் எந்தப் பக்கம் கரை அரிக்கும். கரையோரம் ஓடுகிற மணலை அலைதடுப்பு மறித்தால் ஒரு பக்கம் மணல் மேடு கட்டும், மறுபக்கம் கடல் ஏறும். சோளகத்தில் (தென்மேல் காற்றுக் காலத்தில்) பார்த்து இடம் குறித்தவர்கள் வாடைக்காற்றிலும் ஒருக்கால் போய்ப் பார்க்க வேணும்.

இதைக் கேட்டு அறியத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016, இல. 12) இருக்கு. அதன் 9ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுக் காசில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே பாதிக்கப்படக்கூடிய சனத்துக்குத் தகவல் கொடுப்பது அமைச்சரின் கடமை. உள்ளூர்க் காசென்றால் எல்லை ஐந்து இலட்சம் ரூபா.

ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை மீளப் பெறாதவர் விண்ணப்பிக்க முடியாது. சங்கமாகக் கேட்டால் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்காவது இலங்கைக் குடிமக்களாக இருக்க வேணும். எங்கள் சங்கம் தேறாது, எண்ணிப் பார்க்கவும் தேவையில்லை. ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தேறும், கடிதம் அவர்கள் பெயரில் போகட்டும்.

தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி குறுகலாக இருக்கட்டும்: அளவை வரைபடத்தின் நகல், சூழல் அறிக்கையும் அனுமதித் திகதியும், தூர்வாரும் மணலுக்குக் குறித்த இடம். இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தைக் கேட்கப் போகாதையுங்கோ. வேறு நாட்டுடனான உறவு என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்க வழி இருக்கு, அதோடு மற்றக் கேள்விகளும் இழுபடும். துறைமுக அதிகாரசபையின் தகவல் அலுவலர் எழுத்தில் ஒப்புகை தர வேணும், அது இல்லாமல் கந்தோரை விட்டு வரக்கூடாது. 14 வேலைநாளுக்குள் முடிவு. சனி, ஞாயிறு, போயா கணக்கில் சேராது. மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நகலுக்குப் பக்கம் சில ரூபாதான். தபால் செலவைக் கிளை பார்க்கும்.

ஸ்காபரோவிலிருந்து

தம்பி, சட்டமெல்லாம் நல்லாய்த்தான் எழுதுறீர். 1950இலிருந்து சீமெந்து போன துறை அது. தொழிற்சாலைச் சங்கு கேட்டுத்தான் ஊரே அடுப்பு மூட்டினது. அந்தத் துறையிலை எங்கடை சனம் மனுவோடை வாசலிலை நிக்கிறதோ? நாகபட்டினத்துக் கப்பலிலை வந்து இறங்குறவன் முதலிலை காணுறது எங்கடை கிழிஞ்ச தகரக் கொட்டிலைத்தான். 200 டொலர் எனக்குப் பெரிசில்லை. பெரியவளவுக் குடும்பத்தார் முதல் ஆளாய்த் தருவினம் எண்டு சொல்லியிருக்கினம், அதைத்தான் கொழும்பாலை பொறுக்கேலாமல் கிடக்கு.

லண்டனிலிருந்து

அண்ணை, பெரியவளவார் தருவினம் என்பது வாசிகசாலைக் கூரைக்கும் கேட்ட கதைதான். அந்தக் கூரைக்குத் தகரம் எத்தனை, ஆணி எத்தனை, மேசன் கூலி எவ்வளவு என்று இன்றுவரை ஒரு துண்டு இல்லை. நான் கேட்டதால்தானே என் பெயரைத் திருவிழா மலரில் இருந்து எடுத்தீங்கள்? இப்போ சேர்ந்த காசு சங்கக் கணக்கிலா, உங்கள் மருமகன் கணக்கிலா? சங்கக் கணக்கென்றால் வங்கிக்கூற்றை இங்கே போடுங்கோ. மருமகன் கணக்கென்றால் அவரவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, துறைமுகத்தின் பதில் வந்த பிறகு கேளுங்கோ.

கொழும்புக்கு ஒன்று: ஒப்புகைக் கடிதத்தின் நகல் குழுவுக்கு வர வேணும். கூட்டுறவுச் சங்கத் தலைவரோடு செயலாளரும் ஒப்பமிடட்டும். போன தேர்தலுக்குப் பிறகு அவை இரண்டு பேரும் கதைக்கிறதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவர் மட்டும் ஒப்பமிட்டால் மற்றவர் கடிதத்தை மறுப்பார்.