ராத்திரி முழுக்க ஓவன் முன்னாடி: சிங்கப்பூர் வீடுகளில் செய்த பிரிஸ்கெட், எங்கள் அனுபவங்கள்

பொங்கோலிலிருந்து:

தம்பி டெக்சஸில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தான். வந்த நாளிலிருந்து பிரிஸ்கெட் புராணம்தான், அதாவது மாட்டின் நெஞ்சுக் கறி. உப்பு, மிளகு, ஓக் விறகுப் புகை, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாமாம். புளோக்கில் பதினோராவது மாடியில் நான் எங்கே விறகு மூட்டுவது? ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பார்பிக்யூ குழி பதிவு செய்யலாம். அது சத்தேக்கும் (குச்சியில் குத்திச் சுடும் கறி) கோழி இறக்கைக்கும் சரி. பத்து மணி நேரம் ஒரே சூட்டைக் காத்துக்கொண்டு யார் உட்காருவது? அதனால் ஓவன்.

முதல் தடவை சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கிலோ சொச்சம் துண்டு வாங்கினேன். கொழுப்பைச் சுத்தமாக வழித்து வைத்திருந்தார்கள். 180 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தேன். செருப்புத் தோல். நெஞ்சுக் கறி அப்படித்தான். உடம்பின் பாரத்தைத் தாங்கி உழைத்த சதை, நாரும் சவ்வும் அதிகம். மெல்லச் சூடேறினால்தான் சவ்வு இளகி வழவழப்பாகும். அவசரப்படுத்தினால் நீர் வற்றும், சவ்வு அப்படியே கிடக்கும்.

இரண்டாம் தடவை தேக்கா மார்க்கெட். கடைக்காரர் நல்ல துண்டாக எடுத்துத் தராசில் வைத்தார், 2.8 கிலோ. கையோடு கத்தியை ஓங்கிவிட்டார்.

“அண்ணே, வெட்டாதீங்க!”

“சூப்புக்குத்தானே தங்கச்சி?”

“இல்லண்ணே, முழுசா வேணும்.”

கத்தியை இறக்காமலே ஒரு பார்வை பார்த்தார். “முழுசா வச்சு என்ன பண்ணப் போறீங்க?” பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். சொன்னேன். “குக்கர்ல வச்சிட்டுப் போங்க” என்று சொல்லித்தான் பையில் போட்டார்.

மேல் கொழுப்பை அரை சென்டிமீட்டர் விட்டு மீதியைச் செதுக்கினேன். கிலோவுக்குப் பத்து கிராம் கணக்கில் உப்பு தடவி, மூடாமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில். மறுநாள் ஒன்றிரண்டாக இடித்த மிளகு, கொஞ்சம் ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டிய மிளகாய்ப் பொடி). புகை வாசனைக்கு என் சொந்த யோசனை ஒன்று: சைனாடவுனில் வாங்கிய லாப்சாங் சூச்சோங். சீனாவில் ஃபூஜியன் பக்கத்துத் தேயிலை, பைன் விறகுப் புகையில் உலர்த்துவது. ஒரு மேசைக்கரண்டி எடுத்துப் பொடித்து மிளகோடு கலந்தேன். பொட்டலத்தைத் திறந்தாலே விறகடுப்பு வாசம்.

ராத்திரி பத்து மணிக்கு 120 டிகிரியில் வைத்தேன். ஓவன் குமிழியை நம்பாதீர்கள். உள்ளே தனித் தெர்மாமீட்டர் வைத்தபோதுதான் என் ஓவன் இருபது டிகிரி பொய் சொல்வது தெரிந்தது. கம்பித் தட்டின் மேல் கறி, அடியில் சுடுதண்ணீர்த் தட்டு. கொழுப்புச் சொட்டி அடியில் கருகாமல் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு மணிக்கு கறியின் நடுவில் 66 டிகிரி. ஆகா, விடிவதற்குள் முடிந்துவிடும் என்று கண்ணயர்ந்தேன். நாலரைக்கு எழுந்து பார்த்தால் 68! இரண்டரை மணி நேரத்தில் இரண்டே டிகிரி. ஓவன் கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். தம்பிக்கு மெசேஜ் போட்டேன். அவனும் விழித்திருந்தான். “லாத்தா, அது ஸ்டால். கைய வைக்காத” என்றான். மண்பானையில் தண்ணீர் கசிந்து உலரும்போது பானை குளிர்கிறதே, அதே கதைதான். கறியின் ஈரம் மேலே வந்து ஆவியாகிற வரை ஏறுகிற சூட்டை அது விழுங்கிவிடும்.

சுபுஹுத் தொழுகைக்கு எழுந்த உம்மா சமையலறை வாசலில் நின்று, “கறி வேகுதா, இல்ல நீ வேகுறியா?” என்றார்.

மேலே நல்ல கறுப்பு ஓடு கட்டியிருந்தது. இரண்டு சுற்று அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றித் திரும்ப வைத்தேன். ஆவி வெளியே போக வழியில்லை, சூடு விறுவிறு என்று ஏறியது. எட்டே முக்காலுக்கு 94. எண்ணைவிட, குத்திப் பார்ப்பதுதான் எனக்குச் சாட்சி. சத்தே குச்சியை நடுவில் விட்டேன், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. தாளோடு பழைய துண்டில் சுற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன் (ஐஸ் போடாமல்தான்). பன்னிரண்டரைக்குத் திறந்தபோதும் கை வைக்க முடியாத சூடு.

வெட்டும்போது நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். இதில் ஃபிளாட், பாயிண்ட் என்று இரண்டு சதைகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருக்கும், நார் ஓடும் திசை இரண்டுக்கும் வேறு. நான் பாதியில் மறந்து, நாலு துண்டு கயிறாகிவிட்டது. அதைச் சமையலறையிலேயே நின்று தின்று மறைத்தேன்.

தம்பி முதலில் தேடியது ஓரத்தில் ஓடும் சிவப்பு வளையத்தை. அது விறகுப் புகையின் வாயு கறியின் நிறமியோடு சேர்ந்து வருவது. கரண்ட் ஓவனில் வராது, அதற்குத் தனி ருசியும் கிடையாது. மென்றுகொண்டே சொன்னான்: “கண்ணை மூடிட்டுத் தின்னா டெக்சஸ். திறந்தா பொங்கோல்.”

செம்பவாங்கிலிருந்து:

எங்கள் வீட்டில் மாடு சேர்ப்பதில்லை. ஆனால் இந்த முறையை ஆட்டுத் தோள்பட்டையில் செய்திருக்கிறேன். எலும்போடு ஒன்றரைக் கிலோ, 140 டிகிரி, மூடி போட்டு ஐந்து மணி நேரம், கடைசியில் திறந்து முக்கால் மணி நேரம். மிளகோடு சோம்பும் மல்லியும் சேர்த்தேன். தோள்பட்டையிலும் சவ்வு நிறைய, அதனால் பொறுமைக்குப் பலன் உண்டு. தொடைக்கறி வேண்டாம், வறண்டுவிடும். மாமியார் மட்டும் “குழம்பு எங்கேம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தெங்காவிலிருந்து:

புகைக்கு நான் போனது பிரியாணி வழி. வெந்த கறியைப் பாத்திரத்தில் வைத்து, நடுவே சின்னக் கிண்ணத்தில் நெருப்புக் கரித்துண்டு, மேலே ஒரு கரண்டி நெய், உடனே மூடி. ஐந்து நிமிடம்தான், வாசம் ஊறிவிடும். நான் செய்த தப்பு, மூடியைக் கூடத்தில் வைத்துத் திறந்தது. 2018 ஜூனிலிருந்து புது வீடுகளுக்கெல்லாம் கட்டாயமாக்கினார்களே, அந்தத் தீ எச்சரிக்கைக் கருவி, அது சரியாகத் தலைக்கு மேலே. கத்தின கத்தலில் எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஈரத் துணியோடு ஓடி வந்துவிட்டார். நான் நாற்காலி மேல் ஏறிப் பாத்திர மூடியால் விசிறிக்கொண்டிருந்தேன். கறிக்குக் கரி போடப்போய் மானம் போனது. திறப்பதானால் ஜன்னலோரம், அதுவும் எல்லா ஜன்னலும் திறந்திருக்கும்போது.

ஒரு சந்தேகம்: 2.8 கிலோ எத்தனை பேருக்குக் காணும்?

மீண்டும் பொங்கோலிலிருந்து:

சமைத்தபின் எடை போட்டேன், 1.7 கிலோதான் நின்றது. கொழுப்பும் நீரும் அவ்வளவு போய்விடும், அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். நாங்கள் ஒன்பது பேர், சோறும் அச்சாரும் வைத்துச் சாப்பிட்டோம். மிஞ்சிய கறுப்பு ஓரங்களை உம்மா மறுநாள் வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை போட்டுக் கொத்தி பரோட்டாவுக்கு வைத்தார். தம்பி இரண்டாவது தட்டு கேட்டது அதற்குத்தான்.