பிக்கப் பின்பக்க சேசிஸ் துருவில் ஓட்டை: மேலே பிளேட் வைக்கலாமா, வெட்டி மாற்றணுமா?

நாகை மீன்வண்டி:
வணக்கம். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மீன் லோடு ஓட்டுகிறேன். வண்டிக்கு 9 வயது, வாங்கிய நாளிலிருந்து மீனும் ஐஸும்தான். போன வாரம் லோடு இறக்கும்போது பின்னால் இடதுபுறம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடியில் படுத்துப் பார்த்தால், கமான் பட்டையின் (பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) பின்முனை மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் சேசிஸின் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கீழ்விளிம்பு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், பிடிவரை உள்ளே போய்விட்டது. பக்கத்துப் பட்டறையில் மேலே ஒரு பிளேட் வைத்து வெல்டிங் அடித்தால் போதும், அரை நாள் வேலை என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த மாதம் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு. என்ன செய்யலாம்?

பட்டறை அண்ணன்:
தம்பி, முதலில் லோடு ஏற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த பிராக்கெட் கழன்றால் பின் ஆக்சில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பிளேட் வேண்டவே வேண்டாம். துருவில் வெல்டிங் பிடிக்காது, பிடித்தாலும் இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் தங்கி உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியலை எடுத்துப் பின்முனையிலிருந்து முன்னோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்தது மொத்தென்று கேட்கும். கணீர் வந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் முன்னால் சாக்பீஸ் கோடு போடுங்கள், அங்கேதான் வெட்டவேண்டும். வலதுபுறமும் கட்டாயம் தட்டிப் பாருங்கள். ஆக்சிலுக்கு மேலே இருக்கும் வளைவு வரைக்கும் மொத்தென்றே வந்தால், பின்பகுதியை மட்டும் மாற்றி லாபமில்லை, சேசிஸையே மாற்றவேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் அளவு எடுக்க மறக்காதீர்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். சமதளத்தில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னும் பின்னுமாக கமான் பிராக்கெட் நான்கிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு அளவையும் எழுதி வைத்து, புதுத் துண்டைப் புள்ளி வெல்டில் நிறுத்தியதும் திரும்ப அளந்து பாருங்கள். இதில் தப்பினால் வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும், டயர் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இணைப்பை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். உள்பக்கம் ஒரு தாங்கு தகடு வேண்டும், அதன் முனைகளும் சாய்வாக இருக்கட்டும். இணைப்பு கமான் பிராக்கெட்டுக்கு நேராக வரவே கூடாது, முழுப் பாரமும் அங்கேதான் இறங்குகிறது. வெல்டிங்கை ஒரே மூச்சில் இழுக்காமல் இடம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கவேண்டும், இல்லையென்றால் சூட்டில் இழுத்துக்கொள்ளும். ரிவெட் எடுத்த ஓட்டைகளில் சாதா போல்ட் போடாதீர்கள், போல்ட்டின் பலம் 8.8 கிரேடுக்குக் குறையக்கூடாது. டீசல் டேங்க், பிரேக் பைப், வயரிங் எல்லாம் முதலிலேயே கழன்றிருக்கவேண்டும். பேட்டரியையும் இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் பிடுங்கிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

தூத்துக்குடி ஓட்டுநர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும், இருந்தாலும் ஆர்சியை வைத்து ஒரு தடவை சரிபாருங்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்சி என்பதால் வேலை செய்த பில்லையும் போட்டோக்களையும் பத்திரமாக வையுங்கள்.

நாகை மீன்வண்டி:
ரொம்ப நன்றி அண்ணே. தட்டிப் பார்த்தேன், வலதுபுறம் கணீர் என்கிறது, இடதுபுறம் வளைவுக்கு முன்பே நல்ல இரும்பு வந்துவிட்டது. பழைய வண்டி ஒன்றின் பின்துண்டு கிடைக்கிறது, வாங்கலாமா?

பட்டறை அண்ணன்:
அதே மாடல், அதே வீல்பேஸ், அதே தகட்டுக் கனம் என்றால் தாராளமாக வாங்கலாம். விற்பவரிடம் பில் கேளுங்கள். அதையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். அது சரி, இடதுபுறம் மட்டும் ஏன் அரித்தது? அதைக் கண்டுபிடிக்காவிட்டால் புதுத் துண்டும் அதே கதிதான்.

நாகை மீன்வண்டி:
கண்டுபிடித்துவிட்டேன் அண்ணே. டெக்கில் ஐஸ் தண்ணீர் வடியும் ஓட்டை சரியாக அந்த இடத்துக்கு மேலேதான் இருக்கிறது, 9 வருடமாக உப்புத் தண்ணீர் சேசிஸ் மேலேயே சொட்டியிருக்கிறது. நேற்று வேலை முடிந்தது. மூலைக்கு மூலை 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வெல்டிங் மேல் ஜிங்க் பிரைமர் அடித்தாயிற்று, உள்பக்கத்துக்கு மெழுகு ஸ்ப்ரேயும் ஆச்சு. ஓட்டையில் ஒரு ஹோஸ் மாட்டி சேசிஸுக்கு வெளியே இறக்கிவிட்டேன், இப்போது தண்ணீர் நேராகத் தரையில் விழுகிறது.