ஐரோப்பிய கால்பந்து கிளப்புகளில் எது பெரிது? புள்ளி போட்டு வரிசைப்படுத்துவது எப்படி?

கச்சான்_11, தங்கச்சிமடம்

அண்ணன்மாரே, காக்காமாரே, ஒரு யோசனை வேணும். மீன்பிடித் தடைக்காலத்துல (ஏப்ரல் 15 – ஜூன் 14) எங்க ஊர்ல செவன்ஸ் (ஏழு பேர் கால்பந்து) நடத்துறோம். சாம்பியன்ஸ் லீக் ஃபைனலும் அந்த நாள்கள்லதான் வரும். அதனால மைதானத்து ஓரமா எட்டுக்கு நாலு அடியில ஒரு ஃபிளக்ஸ் வைக்கலாம்னு பேச்சு: ஐரோப்பாவுல வரலாற்றுல அதிகம் சாதிச்ச பத்து கிளப், வரிசைப்படி, பக்கத்துலயே கணக்கோட.

சிக்கல் கணக்குலதான். ஒரு இடத்துல ரியல் மாட்ரிட்டுக்கு ஐரோப்பியக் கோப்பை 15னு இருக்கு, இன்னொரு இடத்துல 9. யுவென்டஸ் லீக் பட்டம் 36ங்கிறான் ஒருத்தன், 38ங்கிறான் இன்னொருத்தன். மொத்தக் கோப்பையை எண்ணினா ஸ்காட்லாந்து கிளப் ரெண்டும் மேல ஏறிடுது. எதை எண்ணணும், எதை விடணும், எதுக்கு எத்தனை புள்ளி? ஃபிளக்ஸ் முன்னாடி நின்னு யாராவது கேட்டா பதில் சொல்லத் தெரியணும்.

தொண்டி லெஃப்ட் பேக்

தம்பி, முதல்ல எண்ணிக்கையைச் சுத்தம் பண்ணிக்க. புள்ளியெல்லாம் அப்புறம்.

15, 9 ரெண்டும் தப்பில்ல. போட்டி 1955-56ல ஐரோப்பியக் கோப்பைங்கிற பேர்ல ஆரம்பிச்சது, 1992-93லேருந்து சாம்பியன்ஸ் லீக். ரியல் பழைய பேர்ல 6, புதுப் பேர்ல 9. ஒரே போட்டி, ஒரே வரிசைதான், அதனால 15னு போடு. வருஷம் எழுதும்போது ஃபைனல் நடந்த வருஷத்தையே எழுது. ஒரு இடத்துல 1955-56, இன்னொரு இடத்துல 1956னு இருந்தா பசங்க ஒரே கோப்பையை ரெண்டு தடவை எண்ணிடுவாங்க.

யுவென்டஸ் 36தான். 2005, 2006 பட்டங்களைக் கால்சியோபோலி விவகாரத்துல (இத்தாலியில ரெஃப்ரி நியமனத்துல நடந்த முறைகேடு) பறிச்சுட்டாங்க. 2005 பட்டம் யாருக்கும் போகல, 2006 பட்டம் இன்டருக்குப் போச்சு. கிளப் தன் கணக்குல சேர்த்துச் சொன்னாலும் அதிகாரக் கணக்கு 36. இதுக்கு நேர்மாறா மார்செய்: 1993 பிரெஞ்சு லீக் பட்டம் போச்சு, ஆனா அதே வருஷம் ஜெயிச்ச ஐரோப்பியக் கோப்பை இன்னிக்கும் அவங்க பேர்லதான் இருக்கு. அதை அடிச்சுடாத.

விட வேண்டியது மூணு. சூப்பர் கப், ஏன்னா அது முந்தின சீசன் ஜெயிச்சவங்களுக்கான போனஸ் ஆட்டம். 1971 வரைக்கும் நடந்த ஃபேர்ஸ் கப், அதை யுஈஎஃப்ஏ (ஐரோப்பிய கால்பந்து சங்கம்) தன் கோப்பையா ஏத்துக்கல, பார்சிலோனாவோட 3 இங்கதான் குழப்பும். மூணாவது உலக கிளப் பட்டங்கள். 1960லேருந்து 2004 வரைக்கும் இன்டர்கான்டினென்டல், அப்புறம் கிளப் உலகக் கோப்பை, 2024லேருந்து இன்டர்கான்டினென்டல்ங்கிற பழைய பேர்லயே வேற ஒரு போட்டி. இது மூணையும் ஒரே கட்டத்துல போட்டா கணக்கு எவனுக்கும் புரியாது.

இனி புள்ளி. ஐரோப்பியக் கோப்பைக்கு 10. இரண்டாம் நிலைக் கோப்பைக்கு, அதாவது கப் வின்னர்ஸ் கப், யுஈஎஃப்ஏ கப், அதோட இப்போதைய பேரான யூரோப்பா லீக், இதுக்கு 4. உள்நாட்டு லீக்குக்கு 1. உள்நாட்டு நாக்-அவுட் கோப்பை வேணாம், இங்கிலாந்து மாதிரி சில நாட்டுல ரெண்டு கோப்பை இருக்கு.

2024-25 சீசன் முடிய, ஐரோப்பியக் கோப்பை / இரண்டாம் நிலை / லீக்னு எழுதுறேன்:

ரியல் மாட்ரிட் 15 / 2 / 36 = 194
பாயர்ன் மியூனிக் 6 / 2 / 34 = 102
மிலான் 7 / 2 / 19 = 97
பார்சிலோனா 5 / 4 / 28 = 94
லிவர்பூல் 6 / 3 / 20 = 92
அயாக்ஸ் 4 / 2 / 36 = 84
யுவென்டஸ் 2 / 4 / 36 = 72
இன்டர் 3 / 3 / 20 = 62
மான்செஸ்டர் யுனைடெட் 3 / 2 / 20 = 58
பென்ஃபிகா 2 / 0 / 38 = 58

லீக்குக்கு 1க்குப் பதிலா 2 போட்டுப் பாரு. ரியல் 230, பாயர்ன் 136. இந்த ரெண்டு இடமும் அசையாது. ஆனா பார்சிலோனா 122, அயாக்ஸ் 120, மிலான் 116, லிவர்பூல் 112. மூணாவது இடத்துல இருந்த மிலான் அஞ்சுக்கு இறங்குது, ஆறுல இருந்த அயாக்ஸ் நாலுக்கு ஏறுது. மேல ரெண்டு கிளப்பை எந்த அளவுகோல்ல வேணாலும் நிறுத்தலாம். மூணுக்குக் கீழ வர்றது முழுக்க நீ போடுற புள்ளியைப் பொறுத்தது. அதனால எதுக்கு எத்தனை புள்ளிங்கிறதை ஃபிளக்ஸ்லயே அச்சடிச்சுடு.

கீழக்கரை ஸ்வீப்பர்

எண்ணிக்கைகள் சரி. ஆனால் தொண்டித் தம்பி பத்து கிளப்பை முதலிலேயே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார். இதே புள்ளியை செல்டிக்குக்குப் போடுங்கள்: 1967 ஐரோப்பியக் கோப்பை 10, லீக் 55, ஆக 65. இன்டருக்கு மேலே வந்துவிடுகிறது. லீக்குக்கு 2 கொடுத்தால் செல்டிக் 120, அயாக்ஸுக்குச் சமம். ரேஞ்சர்ஸும் 55 லீக், 1972 கப் வின்னர்ஸ் கப்போடு 59. யுனைடெட்டைத் தாண்டிவிட்டது. ஸ்காட்லாந்து லீக் பட்டத்தையும் இத்தாலி லீக் பட்டத்தையும் ஒரே எடையில் நிறுத்தியதுதான் கோளாறு.

எளிய வழி: இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் தவிர்த்த லீக்குகளுக்கு அரைப் புள்ளி. அப்போது அயாக்ஸ் 66, யுவென்டஸுக்குக் கீழே போகும். செல்டிக் 37.5, பென்ஃபிகா 39. போர்ட்டோவை மறந்துவிடாதீர்கள்: ஐரோப்பியக் கோப்பை 2 (1987, 2004), இரண்டாம் நிலை 2, லீக் 30, ஆக 43.

அடுத்தது காலம். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் காலத்தையும் காட்டாத பட்டியல் எனக்கு அரைப் பட்டியல்தான். 1990-91 வரை ஐரோப்பியக் கோப்பை முழுக்க நாக்-அவுட். நாட்டுக்கு ஒரு சாம்பியன், கூடவே நடப்புக் கோப்பை வைத்திருப்பவர். 1977இல் லிவர்பூல் 9 ஆட்டத்தில் கோப்பையைத் தூக்கியது. 2025இல் பாரிஸ் சான் ஜெர்மெய்னுக்கு 17 ஆட்டம் வேண்டியிருந்தது: லீக் கட்டத்தில் 8, அதில் 15ஆம் இடம் என்பதால் பிளே-ஆஃப் 2, பிறகு மூன்று சுற்றுகளில் 6, ஃபைனல் 1. இதைப் பார்த்துப் பழைய கோப்பை சுலபம் என்று சொல்லிவிடக் கூடாது. அன்றைக்கு உள்ளே வரவே தன் நாட்டில் முதலிடம் பிடிக்க வேண்டும். இரு ஆட்டச் சுற்றில் ஒரு மோசமான இரவு அமைந்தால் அடுத்த வருடம்தான். இன்றைக்கு நான்காம் இடத்தில் முடித்தவரும் உள்ளே வரலாம். முந்தைய சீசனில் இங்கிலாந்தில் நான்காவதாக வந்த லிவர்பூல்தான் 2005இல் கோப்பையை வென்றது.

1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த போஸ்மன் தீர்ப்பு பெரிய கோடு. ஒப்பந்தம் முடிந்த வீரரை மாற்றுத்தொகை கொடுக்காமலே அடுத்த கிளப் எடுக்கலாம் என்றும், ஐரோப்பிய ஒன்றிய வீரர்களுக்கு வெளிநாட்டவர் வரம்பு செல்லாது என்றும் ஆனது. அந்த மே மாதம்தான் அயாக்ஸ் வியன்னாவில் மிலானை 1-0 என்று வீழ்த்தி நான்காவது கோப்பையை எடுத்திருந்தது. அடுத்த ஆண்டே அந்த அணியின் டேவிட்ஸும் ரைசிஹரும் மிலானுக்குப் போனார்கள், 1997இல் க்ளூய்வெர்ட்டும் அங்கேயே போனார். தீர்ப்புக்குப் பிறகு அந்த ஐந்து நாடுகளுக்கு வெளியே கோப்பை போனது ஒரே ஒருமுறை, 2004 போர்ட்டோ. 1986 ஸ்டெயாவா புக்கரெஸ்ட், 1991 ரெட் ஸ்டார் பெல்கிரேட் போன்ற வெற்றிகளை அதற்குப் பிறகு பார்க்கவே முடியவில்லை.

இங்கிலாந்துக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. 1977 முதல் 1982 வரை ஆறு வருடமும் கோப்பை இங்கிலாந்துக்கே: லிவர்பூல் மூன்று, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டு, ஆஸ்டன் வில்லா ஒன்று. 1985 ஃபைனலில் ரசிகர் மோதலில் பலர் இறந்த ஹெய்சல் மைதானத் துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐந்து சீசன் தடை, லிவர்பூலுக்கு ஆறு. 1985, 1987 லீக் சாம்பியனான எவர்ட்டன் அந்த இரண்டு முறையும் ஐரோப்பியக் கோப்பையில் இறங்க முடியவில்லை. இதற்குக் கற்பனைப் புள்ளி கொடுக்க வேண்டாம், ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடியில் ஒரு வரி எழுதுங்கள். 1955க்கு முந்தைய அணிகளுக்கும் அப்படித்தான். 1946 முதல் 1949 வரை தொடர்ந்து நான்கு முறை லீக்கை வென்று, 1949 மே மாதம் சுபெர்கா விமான விபத்தில் அழிந்த டொரினோவுக்கு இந்தக் கணக்கில் லீக் புள்ளி தவிர எதுவும் கிடைக்காது. எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் நடக்காத போட்டிக்குப் புள்ளி கொடுக்க வழியில்லை.

இன்னொரு கட்டம் சேருங்கள்: எத்தனை பத்தாண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை வென்றது. ரியல் ஆறு (50கள், 60கள், 90கள், பிறகு வந்த மூன்று பத்தாண்டுகளும்). மிலான், பாயர்ன், லிவர்பூல் தலா நான்கு. பார்சிலோனா, யுனைடெட் மூன்று. அயாக்ஸ் இரண்டுதான், 1971 முதல் 73 வரை தொடர்ந்து மூன்று, பிறகு 1995. ரியலுக்கும் 1966க்குப் பிறகு 1998 வரை 32 வருடம் இந்தக் கோப்பை கிடைக்கவில்லை. முதல் ஐந்து வருடத்தில் ஐந்து கோப்பை, பிறகு இவ்வளவு பெரிய இடைவெளி. 15 என்ற எண் இதைச் சொல்லாது.

பாம்பன் ஏழாம் நம்பர்

காக்கா, அயாக்ஸுக்கு முழுசா பாதியாக்குறது நியாயமில்ல. 70கள் தொடக்கத்துல டச்சு லீக் ஐரோப்பாவையே ஆட்டி வச்ச லீக். ஃபெயனூர்ட் 1970ல கோப்பை எடுத்தது, அடுத்த மூணும் அயாக்ஸ். நீங்க சொன்ன போஸ்மன் கோட்டையே வச்சா அயாக்ஸோட 36ல 26 பட்டம் தீர்ப்பு வந்த 1995-96 சீசன் வரைக்கும், 10 பட்டம் அதுக்கப்புறம். முன்னதுக்கு முழுசு, பின்னதுக்குப் பாதின்னா 31, மொத்தம் 79. ஆனா அதே சலுகையை செல்டிக்குக்கும் கொடுக்கணும்: 35 முழுசு, 20 பாதி, மொத்தம் 55. பென்ஃபிகா 54தான். எந்த வழின்னு முடிவு பண்ணிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுங்க, ஒரு கிளப்புக்கு மட்டும் மாத்தினா அங்கயே சண்டை வரும்.

இரண்டாம் நிலைக் கோப்பைக்கு எல்லாக் காலத்துக்கும் 4 போடுறதும் சரியில்ல. 1999 வரைக்கும் பெரிய லீக்ல ரெண்டு, மூணு, நாலாவது வந்தவங்க பெரும்பாலும் ஆடினது யுஈஎஃப்ஏ கப்லதான். 1989லேருந்து 1999 வரைக்கும் 11ல 8 இத்தாலிக்குப் போச்சு, அதுல நாலு ஃபைனல் ரெண்டு பக்கமும் இத்தாலி டீம். அவ்வளவு பலமான போட்டி. 1999-2000லேருந்து பெரிய நாடுகளோட மூணாவது, நாலாவது டீமும் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போயிடுச்சு. அதனால 1999 வரைக்கும் 4, அதுக்கப்புறம் 3. இப்படிப் போட்டா லிவர்பூல் 91 (2001 கோப்பை), யுனைடெட் 57 (2017), போர்ட்டோ 41 (2003, 2011). மத்தவங்களுக்கு மாத்தமில்ல.

புள்ளி சரியாங்கறதுக்கு ஒரு சோதனை இருக்கு. செவில்லா 7 யூரோப்பா, லீக் 1. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2 ஐரோப்பியக் கோப்பை, லீக் 1. சொந்த நாட்டு லீக்கைவிட ஐரோப்பியக் கோப்பையை அதிகமா ஜெயிச்ச கிளப் அது. 4 போட்டா செவில்லா 29, ஃபாரஸ்ட் 21. 3 போட்டா 22க்கு 21. இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற அளவுகோல்தான் சரின்னு நான் நினைக்கிறேன்.

கச்சான்_11, தங்கச்சிமடம்

ரொம்ப நன்றி. ஐந்து நாட்டுக்கு முழுசு, மத்தவங்களுக்குப் பாதி, 1999 கோடு, இதையே எடுத்துக்கிறோம். ஆனா பத்தாவது இடத்துல போர்ட்டோ 41, செல்சி 40, பென்ஃபிகா 39னு நெருக்கமா நிக்குது. ஒரு புள்ளியில யாரைத் தள்றது?

தொண்டி லெஃப்ட் பேக்

ஐரோப்பியக் கோப்பை ஃபைனல்ல தோத்ததுக்கு 3 புள்ளி கொடு. ஃபைனல் வரைக்கும் வந்ததும் சாதனைதான். நம்ம ஊர் போட்டியிலயே ரன்னர்ஸுக்குக் கப் கொடுக்குறோமே. பென்ஃபிகா அஞ்சு ஃபைனல் தோத்துருக்கு (1963, 1965, 1968, 1988, 1990), அதனால 54. செல்சி 2008ல ஒண்ணு, 43. போர்ட்டோ தோத்ததே இல்ல, 41லயே நிக்கும். பத்தாவது இடம் பென்ஃபிகாவுக்கு.

இதனால மேலயும் மாறும், எல்லாத்தையும் திருப்பிப் போடு. ரியல் 203, பாயர்ன் 117, மிலான் 109. யுவென்டஸ் ஏழு ஃபைனல் தோத்ததால 93. இன்டர் 74, அயாக்ஸ் 72, இந்த ரெண்டும் இடம் மாறுது. யுனைடெட் 63. லிவர்பூலும் பார்சிலோனாவும் 103ல சமமா வரும். சமன் வந்தா ஐரோப்பியக் கோப்பை எண்ணிக்கைன்னு விதி வச்சுக்க, 6க்கு 5, லிவர்பூல் நாலாவது.

ஃபிளக்ஸ்ல கிளப் பேர், மூணு எண்ணிக்கை, தோத்த ஃபைனல், பத்தாண்டு, மொத்தம்னு ஏழு கட்டம் போதும். அடியில புள்ளி விதி நாலு வரி, ஹெய்சல் குறிப்பு ஒரு வரி. ‘2024-25 சீசன் முடிய’ன்னு தலைப்புக்குக் கீழயே பெருசா போடு. எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் வெள்ளை ஸ்டிக்கர்ல ஒட்டு, அடுத்த சீசன்ல எண்ணை மட்டும் மாத்திக்கலாம்.