நன்னூல் படித்தவர் மொழியியலுக்குப் போக: வேலூர்ப் பேச்சில் எங்கே தொடங்குவது?

குடியாத்தம்_மாணவி:
பி.ஏ. தமிழ் கடைசி வருஷம். மொழியியல் எடுக்க ஆசை. நம்ம பக்கத்து "வந்துகினு கீறான்" (வந்துகொண்டு இருக்கிறான்) பேச்சையே ஆராயலாமா? விதி எழுத உட்கார்ந்தால் எல்லாம் கொச்சை என்றுதான் எழுத வருகிறது.

ஒலியன்:
கொச்சை என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைங்கம்மா. நான், நீ, அவன், அவ, அது, நாம, நீங்க, அவங்க என்று எட்டு வரிசை, மூன்று காலத்துக்கு மூன்று பத்தி போட்டுக் கட்டத்தை நிரப்புங்க. நிகழ்காலத்தில் கீறேன், கீறான், கீது. இறந்தகாலத்துக்கு வந்தால் இருந்தான், எதிர்காலத்தில் இருப்பான். அதாவது 'இரு' தேய்வது நிகழ்காலத்தில் மட்டும். இப்படி வரம்போடு நடப்பதற்குப் பெயர்தான் விதி.

'கினு' கொஞ்சம் சிக்கல். "தூங்கிகினு கீறான்" என்பதில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. "பைய எடுத்துகினு போ" என்பதில் அப்படி இல்லை, பை கையோடு போகிறது. வடிவம் ஒன்று, வேலை இரண்டு. இரண்டையும் ஒரே குறிப்பு அட்டையில் எழுதினால் பிறகு பிரிக்க முடியாது.

குடியாத்தம்_மாணவி:
நன்றிங்க. பதிவு செய்ய செல்போன் போதுமா?

பாலாறு:
போதும். ஆனால் பல போன்களில் தானாக வருவது சுருக்கிய கோப்பு. அமைப்பில் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு), 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று மாற்றுங்க. நிமிஷத்துக்கு 5 எம்.பி.க்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும், மின்விசிறியை நிறுத்திடுங்க. சம்மதம் கேட்பதையும் பதிவிலேயே கேளுங்க.

பெரும்பாலும் கெடுவது கேள்வியில்தான். "இருக்கிறான் என்பதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டால் பாட்டிகூட மேடைத் தமிழில் பதில் சொல்வார். தோல் பதனிடும் வேலை, நெல் அறுப்பு, கல்யாணச் சமையல் என்று அவருக்குத் தெரிந்ததைப் பேசவிட்டு, வேண்டிய வடிவம் வரும்வரை காத்திருங்க. வீட்டு மொழியையும் குறியுங்க. ஆம்பூர், வாணியம்பாடியில் உருதும் ஆந்திர எல்லையோரம் தெலுங்கும் வீட்டில் பேசுவோர் உண்டு. அதைக் குறிக்காவிட்டால் அவர்கள் தமிழில் தெரியும் வேறுபாட்டுக்குக் காரணம் புரியாது.

நூற்பா:
எழுதும்போது தமிழ் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். பக்கம், அங்கே, அகம் மூன்றிலும் 'க'தான். ஒலியோ மூன்று விதம். எழுத்தில் வேறான கரியும் கறியும் பேச்சில் பலருக்கு ஒன்றே. பல்லி, பள்ளி போன்ற இணைகளையும் சொல்லச்சொல்லிக் கேட்டபிறகே வேறு ஒலியன் (சொல்லின் பொருளை மாற்றும் ஒலி) என்று முடிவு செய்யணும். ஒவ்வொரு ஒலிக்கும் தனிக் குறி தரும் அனைத்துலக ஒலியெழுத்தைப் பழகிக்குங்க. ஐயம் வந்தால் பிராட் என்ற இலவச மென்பொருளில் ஒலிப்படத்தைப் பாருங்க, எந்தச் சொல்லில் 'க'வுக்குக் குரல்நாண் அதிர்கிறது என்று தெரியும்.

நன்னூலை விட்டுவிட வேண்டியதில்லை. ஒலியைத்தான் அது எழுத்து என்கிறது. க ங, ச ஞ, ட ண பிறக்க நாவின் அடி, நடு, நுனி அண்ணத்தைத் தொடும் என்று பிறப்பையும் சொல்கிறது. ஒலிப்பியல் வகுப்பில் இது கைகொடுக்கும்.

திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மு.வரதராசன் வித்துவான் தேறி, பிற்பாடு 'மொழி வரலாறு' எழுதியவர். இலக்கணப் படிப்பிலிருந்து மொழியியலுக்கு வழி உண்டு. முதுகலைக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பாருங்க. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மொழியியல் தனிப்பாடம், விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்துவிடாதீங்க.