வெலாஸ்கெஸைப் பார்த்து வரைகிறேன், முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வருகிறது

கேள்வி:
பென்சிலில் முகம் வரைவது நன்றாகவே வரும், ஆயில் பெயிண்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் டி பரேஹா போர்ட்ரெய்ட்டைப் பார்த்து வரைகிறேன். அடிமையாக இருந்து, பின்னால் தானே ஓவியராக ஆன மனிதர். அந்தப் பார்வைக்காகவே எடுத்தேன். சாயல் வந்துவிட்டது, ஆனால் நெற்றியிலும் மூக்கிலும் வெளிச்சம் விழும் இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிப்போகிறது, தலைமுடி பின்னணியோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. டைட்டானியம் ஒயிட், சாதாரண வெள்ளை கேன்வாஸ். இதை விட்டுவிட்டு ஆளை உட்காரவைத்து வரைவதே மேலா?

பதில் 1:
விடாதீர்கள், பாதிக் காரணம் உங்கள் வெள்ளைதான். டைட்டானியம் ஒயிட் ஓவியர் கைக்கு வந்ததே 20ஆம் நூற்றாண்டில். வெலாஸ்கெஸிடம் இருந்தது ஈய வெள்ளை, அது இந்த அளவுக்கு மற்ற நிறங்களை விழுங்காது. ஈயம் நஞ்சு, அதைத் தேடிப் போக வேண்டாம். வெளிச்சம் கூட்ட வேண்டிய இடத்தில் முதலில் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் துளி சிவப்பும் சேர்த்துப் பாருங்கள், வெள்ளையைக் கடைசியில், கத்தி நுனியளவு. அப்புறம் கேன்வாஸ் மேல் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்துத் தேய்த்துக் காயவிட்டு ஆரம்பியுங்கள். வெள்ளைப் பரப்பில் எந்த நிறமும் உண்மையைவிட இருட்டாகத் தெரியும், அதனால்தான் கை தானாக வெள்ளையை அள்ளுகிறது.

பதில் 2:
நிறத்தைப் பற்றிய பேச்சே இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முகம் முழுவதையும் அம்பர் ஒன்றை மட்டும் வைத்து வெளிச்சம், நிழல் என்று முடியுங்கள், பக்கத்தில் மூலத்தின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கட்டும். பரேஹாவின் அந்த லேஸ் காலரை உற்றுப் பாருங்கள், வெள்ளை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி சாம்பல்தான், சுத்த வெள்ளை சில தீற்றல்களில் மட்டும். நெற்றியில் பளபளக்கும் இடமும் அப்படித்தான், சுற்றியிருக்கும் பழுப்பை ஆழமாக வைத்ததால்தான் அது மின்னுகிறது. முடியின் விளிம்புக்கு வழி, முடியும் பின்னணியும் இரண்டுமே ஈரமாக இருக்கும்போது காய்ந்த பிரஷ்ஷால் லேசாக ஒருமுறை இழுத்துவிடுவது. ஒன்று காய்ந்த பிறகு செய்தால் வராது.

பதில் 3:
மேலே சொன்னவர் சொல்வது சரி, ஆனால் முழு ஓவியத்தையும் ஏன் பிரதி எடுக்க வேண்டும்? ஒரு கண்ணும் மூக்கின் பக்கமும் மட்டும் எடுங்கள், மூலத்தின் அளவிலேயே. ஓவியர் ரூபன்ஸ் 1628-29இல் மாட்ரிட்டில் தனக்கு முந்தைய ஓவியர் டிஷியனைப் பிரதி எடுத்தார், ஓவியர் சார்ஜென்ட் 1879இல் அதே ஊரின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸைப் பிரதி எடுத்தார். இரண்டு பேருமே அதற்கு முன்பே நன்றாக வரையத் தெரிந்தவர்கள், ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் போனார்கள். நீங்களும் ‘கண்ணுக்குக் கீழே நிழல் எங்கே முடிகிறது’ என்பது போல ஒரே கேள்வியோடு உட்காருங்கள். ஆளை வைத்து வரைவதையும் தள்ளிப்போடாதீர்கள், பிரதியில் கற்றதை அதே வாரத்தில் அதே பக்க வெளிச்சத்தில் ஒரு நிஜ முகத்தில் செய்து பார்த்தால்தான் கையில் நிற்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அம்பர் அடுக்கு காய்ந்த பிறகு மேலே நிறம் வைக்கும்போது எண்ணெய் சேர்க்கலாமா?

பதில் 2:
சேர்க்கலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய அடுக்கு, மேலே போகப் போக லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கூடலாம். தலைகீழாகச் செய்தால் மேல் அடுக்கு விரிசல் விடும்.