அந்த ராபர்ட் பொம்மை படம் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? நாங்க ஏற்காட்ல பாத்தோம்

அடிவாரம்_20:
2015ல வந்த பிரிட்டிஷ் பேய்ப்படம், லோ பட்ஜெட், பாத்தவங்களுக்குத் தெரியும். மழைக்காலத்துல நாலு பேரு ஏற்காடு போனோம், இருபதாவது கொண்டை ஊசி வர்றதுக்குள்ளயே பனி, எதிர்ல வர்ற வண்டி லைட்டு மட்டும்தான் தெரியுது, லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நின்னா சேலம் இருக்கற திசையே தெரியல. பஜ்ஜி தின்னுட்டு எஸ்டேட் பக்கம் வாடகைக்கு எடுத்த பழைய வீட்டுக்கு வந்து லேப்டாப்ல இதப் போட்டோம்.

படம் சத்தியமா மொக்கை. பாதி நேரம் பொம்மை சும்மா உக்காந்திருக்கு, கேமரா அது மூஞ்சிக்குப் போவுது, வருது, மறுபடி போவுது. அந்த மூஞ்சிய வெச்சுகிட்டு எந்த அப்பன் ஆத்தா வீட்டுக்குள்ள விடுவாங்க, வாசல்லயே தூக்கி எறிஞ்சிருக்க மாட்டாங்களான்னு சிரிச்சு சிரிச்சு வயிறு வலி. முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கரண்ட் போச்சு, லேப்டாப்லயும் சார்ஜ் காலி. ஒருத்தன் போன் டார்ச்ச அடிச்சான். வீட்டுக்காரங்க ஷோகேஸ் மேல ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, சாயங்காலத்துல இருந்து அங்கதான் இருந்திருக்கு, நாங்கதான் கவனிக்கல. "மீதிய நாளைக்கு பாக்கலாமாடா"ன்னு இவன் கேக்கறான், அது வேணாம் வேணாம்ங்கற மாதிரி மெதுவா தலையாட்டுது. சொல்றதுக்கு காமெடிதான். அன்னைக்கு ஒருத்தனும் சிரிக்கல. யாரும் அத தொடவும் இல்ல.

செவ்வாப்பேட்டை_பொண்ணு:
படம் மொக்கைன்னு ஈசியா சொல்லிட்டீங்க. நான் எங்கம்மாகூட பாத்தேன், அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் கதை சொல்லிகிட்டே வந்தேன். அந்த வீட்டுல வேலை செஞ்ச பாட்டிய நிறுத்திடறாங்கல்ல, போகும்போது பையன் கையில பொம்மைய குடுத்துட்டுப் போவுதே, அந்த எடத்துல அம்மா நிறுத்துன்னு சொல்லிட்டாங்க. "எத்தனை வருசமா வேலை செஞ்சுச்சாம்?"னு கேட்டாங்க. தெரியலம்மான்னேன். "கையில எதாச்சும் குடுத்து அனுப்புனாங்களா?" அதுவும் தெரியலம்மா, பேய்ப்படம்மா இது. "அப்புறம் வயிறு எரியாதா"ன்னுட்டு எழுந்து அடுப்படிக்கு போயிட்டாங்க.

எங்க வீட்டுல பதினோரு வருசம் பாத்திரம் தேய்ச்ச அக்காவ கொரோனா சமயத்துல வர வேணாம்னு சொன்னோம், அப்புறம் கூப்பிடவே இல்ல. அம்மா அதப் பத்தி ஒண்ணும் பேசல. நானும் பேசல. பொம்மை சீன் ஒண்ணுகூட ஞாபகம் இல்லைங்க, அம்மா தட்டு கழுவற சத்தம்தான் ஞாபகம் இருக்கு.

சரியாச்_சொல்லு:
படத்த வெச்சு ராபர்ட்ட எடை போடாதீங்க. நெசமாவே அப்படி ஒரு பொம்மை இருக்கு, அமெரிக்கால ஃப்ளோரிடா, கீ வெஸ்ட்ங்கற ஊர்ல ஒரு மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ராபர்ட் யூஜின் ஓட்டோன்னு ஒரு ஆளு, சின்னப் பையனா இருக்கும்போது 1904 வாக்குல கைக்கு வந்தது. ஜெர்மனி ஸ்டைஃப் கம்பெனி சரக்கு. மாலுமி டிரஸ்தான் போட்டிருக்கும், மடியில ஒரு குட்டி நாய் பொம்மை. கேக்காம போட்டோ எடுத்தா கெட்டது நடக்கும்னு நம்பிக்கை, எடுத்துட்டு ஊருக்குப் போனவங்க மன்னிச்சுக்கோன்னு அதுக்கே லெட்டர் போடறாங்க, அந்த லெட்டரெல்லாம் மியூசியத்துல வெச்சிருக்காங்க. நம்மூர்ல மாரியாத்தாளுக்கு தப்புக்காசு முடிஞ்சு வெக்கற மாதிரிதான்.

அடிவாரம் தம்பி, உங்க தலையாட்டிக்கு பதில் ரொம்ப சிம்பிள். அதுக்குத் தலை ஒட்டியிருக்காது, கம்பியில சும்மா நிக்கும், லேசா அதிர்ந்தாலே ஆடும். எஸ்டேட் பங்களான்னா பலகைத் தரை. நாலு தடிப்பசங்க ஒரே கட்டில்ல நடுங்குனா ஆடாம என்ன செய்யும்?

என் அனுபவம்னா ஒண்ணும் இல்ல, படம் பாத்தேன், தூங்கிட்டேன்.

கல்யாணக்_கேமரா:
லோ பட்ஜெட்டுன்னு கேவலமா பேசறவங்க ஒரு குறும்படம் எடுத்துப் பாருங்க. நான் எடுத்தேன். பொருட்காட்சில வாங்குன பெரிய பொம்மை, ராத்திரி பதினோரு மணிக்கு சேலத்துல குகை ஏரியால இருந்து அஸ்தம்பட்டிக்கு பைக்ல பின்னாடி கட்டி எடுத்துட்டு வர்றேன், அவசரத்துல திருப்பி உக்கார வெச்சுட்டேன், மூஞ்சி பின்பக்கம். அதுவரைக்கும் விடாம ஹாரன் அடிச்சுட்டு வந்த டவுன் பஸ்சு பொசுக்குன்னு அமைதியாயி ரொம்ப தூரம் தள்ளியே வந்துச்சு. அஞ்சு ரோடு சிக்னல்ல திரும்பிப் பாத்தப்பதான் எனக்கே வெளங்குச்சு.

எடுக்கறவங்களுக்கு சொல்றேன், கேக்கலன்னாலும் சொல்றேன். பொம்மைய நடக்க விடாதீங்க, நடந்தா சிரிப்பானுங்க. ஒரு ஷாட்ல அது ஜன்னலப் பாக்கணும், ஒரு ஆளு குறுக்க போவணும், அடுத்த ஷாட்ல கதவப் பாக்கணும், நடுவுல நடந்தத பாக்கறவன் மண்டையே எடுத்துக்கும். காசு இருந்தா சவுண்டுக்கு செலவு பண்ணுங்க, கேமராவுக்கு வேணாம். ராத்திரி சீன எல்லாம் நெசமாவே ராத்திரில எடுக்காதீங்க, ஜன்னல்ல கருப்புத் துணி கட்டி பகல்ல முடிங்க, இல்லன்னா டீ, பரோட்டா, பெட்ரோல்னு அதுலயே காசு போயிரும். வீட்டு ஓனரம்மாகிட்ட பேய்ப்படம்னு வாய விடாதீங்க, குடும்பப் படம்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல, பேய்க்கும் குடும்பம் இருக்கும்ல. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ ஆரம்பிச்ச டி.ஆர்.சுந்தரம் 1956லயே தமிழுக்கு மொத கலர் படம் எடுத்துக் குடுத்த ஊருங்க இது, ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச்ச தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ரோஷம் வரும். ராபர்ட் படத்துல தப்பு காசு இல்ல, அந்த மூஞ்சிய மொதல்லயே காட்டிட்டான் பாருங்க, அதான்.

கொலுப்படி:
கேமரா அண்ணன் சொன்ன ஜன்னல் கதவு மேட்டர் கரெக்ட். எங்க பாட்டி விஜயதசமி ராத்திரி கொலுவுல மரப்பாச்சிய படுக்க வெச்சுட்டுத்தான் தூங்கும். ஒரு வருசம் காலைல பாத்தா அது உக்காந்திருக்கு. தம்பி வேலைதான், அப்பவே ஒத்துகிட்டான், அடியும் வாங்கினான். இருந்தாலும் நான் இன்னும் அத துணி சுத்திதான் தூக்கறேன்.

செவ்வாப்பேட்டை_பொண்ணு:
@சரியாச்_சொல்லு மியூசியம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு, அந்தப் பாட்டிக்கு சம்பளம் குடுத்தாங்களான்னு தெரியுமா? அம்மா இன்னைக்கும் கேட்டாங்க.

அடிவாரம்_20:
எல்லாரும் பலகைத் தரைன்னே வெச்சு பேசிட்டு இருக்கீங்க. பலகை இல்லைங்க. ரெட் ஆக்சைடு போட்ட சிமெண்ட்டு. கட்டில்லயும் யாரும் இல்ல, நாலு பேரும் கீழ பாய்லதான் இருந்தோம்.

சரியாச்_சொல்லு:
அப்ப காத்து.

அடிவாரம்_20:
ஜன்னல் சாத்தியிருந்துச்சுண்ணா.